கண்ணில் வைத்த சந்தனம்

தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டைக்குப் போகும் எங்கள் கம்பெனி பஸ்ஸில், டிரைவருக்குப் பின்னால் முதல் சீட்டில் எப்போதும் ஒரே ஆள்தான் உட்காருவார். எங்கள் கேட் செக்யூரிட்டி. வலது கையைத் துண்டால் சுற்றி மடியில் வைத்துக்கொள்வார். முன்பு வேறொரு கம்பெனியில் பிரஸ் மெஷின் ஓட்டியவர். விரல்களை அங்கேயே விட்டுவிட்டு வந்தவர்.

நானும் என் வீட்டுக்காரரும் புதுவாயல் கூட்டு ரோட்டில் ஏறுவோம். செக்யூரிட்டிக்குப் பக்கத்தில் இடம் காலியாக இருந்தால் இவர் அங்கே போய் உட்காரப் பார்ப்பார். நான் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுப்பேன்.

"இன்னாமே, சீட்டுக்குக்கூட ராசி பாக்கறியா?"

"ஆமா, பாக்கறேன். வந்து இங்க குந்துங்க."

ராசியெல்லாம் இல்லை, வெறும் பயம். என் வீட்டுக்காரரும் பிரஸ்தான் ஓட்டுகிறார். தகட்டை எடுத்து டை என்கிற அச்சின் மேல் வைக்க வேண்டும், காலால் பெடலை மிதிக்க வேண்டும். மேலேயிருந்து இரும்பு இறங்கி அடித்துவிட்டு ஏறும். கையை உள்ளே விட்டுப் பீஸை எடுத்துவிட்டு அடுத்த தகட்டை வைக்க வேண்டும். காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் இதே வேலை. அதற்கு முன்னால் வள்ளூரில் கரண்ட் உற்பத்தி செய்யும் இடத்தில் சாம்பல் அள்ளும் கான்ட்ராக்டில் இருந்தார். இருமி இருமி முதுகு வளைந்துபோய், நான்தான் கெஞ்சிக் கூத்தாடி எங்கள் கம்பெனியில் சேர்த்துவிட்டேன். அங்கே நெஞ்சைக் காப்பாற்றி இங்கே கையைப் பணயம் வைத்துவிட்டேனோ என்று அவர் பீஸ் எடுப்பதைப் பார்க்கும்போதெல்லாம் தோன்றும். அதனாலேயே பிரஸ் ஷாப் பக்கம் போகமாட்டேன்.

என் வேலை டிரெய்னிங் ரூமில். கம்ப்யூட்டர் டிப்ளமோ படித்ததற்கு ஒரு நாற்காலி, ஒரு மேஜை, ஒரு புரொஜெக்டர் கொடுத்திருந்தார்கள். புதிதாகச் சேருகிறவர்களுக்குப் படம் போட்டுக் காட்ட வேண்டும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் பையோடு வந்து இறங்குகிறவர்கள் முதலில் என் ரூமுக்குத்தான் வருவார்கள். படம் பார்த்த பிறகுதான் மெஷினைத் தொட வேண்டும் என்பது விதி. மெஷின் செய்த கம்பெனியே எடுத்து டிவிடியில் அனுப்பிய படம் அது. கதாநாயகன் ஒரு கை. முகம் கடைசி வரைக்கும் வராது. வெள்ளைக் கையுறை போட்ட அந்தக் கை என்னென்ன தப்புச் செய்யும், என்னென்ன ஆகும் என்று ஒவ்வொன்றாகக் காட்டுவார்கள். கையுறைக்குள் இருப்பது மரக்கை என்று தெரிந்தும், அது நசுங்கும்போது வாட்டசாட்டமான ஆட்கள்கூடக் கண்ணை மூடிக்கொள்வார்கள். ஒரு மொழியும் தெரியாவிட்டாலும் அந்தப் படம் புரியும். அதனால்தான் எனக்கு அதன்மேல் மரியாதை.

ஆயுத பூஜைக்குக் கொஞ்ச நாள் முன்னால் தலைமை ஆபீஸிலிருந்து உத்தரவு வந்தது. கம்ப்யூட்டர்களில் இருக்கும் திருட்டுக் காப்பி விண்டோஸையெல்லாம் எடுத்துவிட வேண்டும், இனிமேல் லினக்ஸ்தான். சென்னையிலிருந்து ஒரு ஆள் வந்து எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஏற்றிவிட்டு, "ஃப்ரீ மேடம், வைரஸ் வராது, யாரும் கேள்வி கேக்கமாட்டாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸுக்கே போய்விட்டார். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. என் படம் ஓடாது என்பதை மட்டும் சொல்லவில்லை.

டிஸ்க்கைப் போட்டேன். திரையில் பச்சைக் கட்டங்களும் ஊதாக் கட்டங்களும் சிதறி ஓடின. நடுவில் எங்கேயோ அந்த வெள்ளைக் கை துண்டு துண்டாகத் தெரிந்து மறைந்தது. குரலும் விட்டுவிட்டுக் கரகரத்தது. அன்றைக்கு வந்த பையன்கள் பயந்துபோய்ப் படமே இதுதான் என்று நினைத்துக்கொண்டார்கள்.

எனக்குக் கோபம் வந்தால் சும்மா உட்கார முடியாது. வீட்டில் என் வீட்டுக்காரர் சேர்த்து வைத்திருந்த சினிமா டிஸ்க்குகளை ஒரு பையில் போட்டு மறுநாள் ஆபீஸுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். எல்லாமே புதுவாயலில் பிளாட்பாரத்தில் வாங்கிய திருட்டு டிஸ்க்குகள். ஒன்றே ஒன்று மட்டும் எங்கள் கல்யாணத்துக்கு அவருடைய கூட்டாளிகள் கொடுத்த ஒரிஜினல். திருட்டு டிஸ்க்கைப் போட்டேன், ராஜா மாதிரி ஓடியது. பாட்டு, சண்டை எல்லாம் பளிச்சென்று இருந்தது. ஒரிஜினலைப் போட்டேன், அதே பச்சைக் கட்டங்கள்.

அப்போதுதான் விஷயம் புரிந்தது. காசு கொடுத்து வாங்கும் டிஸ்க்குக்குள் ஒரு பூட்டு இருக்கிறது. படத்தைக் கலைத்துப்போட்டுத்தான் உள்ளே எழுதியிருப்பார்கள். அதைச் சரியாக அடுக்கித் தரும் சின்ன புரோகிராம் இருந்தால்தான் படம் தெரியும். சில நாட்டுச் சட்டத்துக்குப் பயந்து லினக்ஸ்காரர்கள் அதைக் கூடவே கொடுப்பதில்லை, வேண்டுமென்றால் நாமே தேடிப் போட்டுக்கொள்ள வேண்டும். திருட்டு டிஸ்க்கைக் காப்பி எடுப்பவன் பூட்டை உடைத்துவிட்டுத்தான் எடுக்கிறான், அதனால் அதற்குத் தொந்தரவே கிடையாது. ஒழுங்காக இருப்பவனுக்குத்தான் உலகத்தில் எல்லாப் பேஜாரும் என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"அதான் நான் ஒரிஜினலே வாங்கறதில்ல" என்றார்.

இணையத்தில் படித்துப் படித்து, கருப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டினேன். ஒரு எழுத்து தப்பினால் ஒத்துக்கொள்ளாது. திட்டாமல் கொள்ளாமல், இன்னது இல்லை என்று மட்டும் பதில் சொல்லும். பூஜைக்கு முந்தின நாள் மத்தியானம் அந்தப் பூட்டுத் திறக்கும் புரோகிராம் ஒருவழியாக ஏறியது. டிஸ்க்கைப் போட்டுப் பார்ப்பதற்குள், "எல்லாத்தையும் நிறுத்துங்க, கழுவி விடணும், பூஜைக்கு நேரமாச்சு" என்று மேனேஜர் சத்தம் போட்டார். மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டார்கள்.

எங்கள் கம்பெனியில் ஆயுத பூஜை என்றால் கோயில் திருவிழா தோற்றுவிடும். மெஷின்களையெல்லாம் கழுவி, வாழைக்கன்று கட்டி, மாலை போடுவார்கள். சந்தனமும் குங்குமமும் வைக்கும் பொறுப்பு சீனியர் எலக்ட்ரீஷியனுடையது. ஆரம்பாக்கத்துக்குப் பக்கத்தில் ஆந்திரா எல்லையோரத்து ஊர்க்காரர். எல்லோருக்கும் அவர் நைனாதான், அப்பா மாதிரி. விரதம் இருந்து, குளித்து, ஈர வேட்டியோடு வந்து ஒவ்வொரு மெஷினுக்கும் பொட்டு வைப்பார். பெரிய பிரஸ்ஸிலிருந்து ஸ்குரூ டிரைவர் வரைக்கும் எதையும் விடமாட்டார். அவர் செய்வதில் அவசரமே இருக்காது. நான் அந்த நேரத்தில் கேன்டீனில் பொரியும் கடலையும் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தேன். கேட்டில் பூசணிக்காய் உடைத்தார்கள். குங்குமம் கரைந்த அந்தச் சிவப்புத் துண்டுகள் லாரி டயரில் நசுங்கி நசுங்கி, லீவு முடிந்து நாங்கள் வந்தபோதும் தரையில் ஒட்டிக்கொண்டிருந்தன. பஸ்ஸை விட்டு இறங்கியதும் அதைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டியிருந்தது. எனக்கு என்னவோ அன்று அது பிடிக்கவில்லை.

ரூமுக்குப் போனதும் முதல் வேலையாக டிஸ்க்கைப் போட்டேன். பச்சைக் கட்டம்கூட வரவில்லை. டிஸ்க்கே இல்லை என்று சொன்னது.

எடுத்துத் துடைத்துப் போட்டேன். இல்லை என்றது. டிரைவ் உள்ளே சுற்றும் சத்தம் கேட்டது. முனகுவதுபோல் சுற்றிவிட்டு நின்றுவிடும். பூஜைக்கு முன்னால் நான் போட்ட புரோகிராம்தான் எதையோ கெடுத்துவிட்டது என்று முடிவு கட்டினேன். அதை எடுத்தேன், திரும்பப் போட்டேன். வேறு பிளேயர் போட்டேன். கடைசியில் லினக்ஸையே முதலிலிருந்து ஏற்றினேன். தெரியாத ஆட்களிடம் இணையத்தில் கேள்வி கேட்டேன். அவர்கள் பொறுமையாகப் பதில் சொன்னார்கள். எல்லாப் பதிலும் பூட்டைப் பற்றியே இருந்தது. நானும் பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதற்கிடையில் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். தீபாவளிக்கு முன்னால் பெரிய டிஸ்பாட்ச், சரக்கு லாரி லாரியாகப் போக வேண்டும். படம் ஓடவில்லை என்று மேனேஜரிடம் போய் நின்றேன்.

"வாயால சொல்லி அனுப்பும்மா. படம் அப்புறம் பாத்துக்கலாம். இன்னா, சினிமா கொட்டாவா நடத்தறோம்?"

வாயால் சொன்னேன். எனக்குத் தெரிந்த நாலு இந்தி வார்த்தையோடு கையை நீட்டிக் காட்டி, மேலேயிருந்து மேஜையில் டப்பென்று தட்டிக் காட்டினேன். பையன்கள் சிரித்தார்கள். படத்தில் அந்தக் கையைப் பார்த்து ஒருவன்கூடச் சிரித்ததில்லை. சிரித்துக்கொண்டே அவர்கள் பிரஸ் ஷாப்புக்குள் நடந்து போவதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். மழை இருட்டிக்கொண்டு வந்தது. பிரஸ் அடிக்கும் ஒவ்வொரு அடிக்கும் என் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

வீட்டில் வேறு கதை. என் வீட்டுக்காரர் எரிந்து எரிந்து விழுந்துகொண்டிருந்தார். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு உட்கார்ந்திருப்பார்.

"இன்னா ஆச்சு?"

"மிஷினு பேஜாரு பண்ணுதுமே. நல்லா ஓடிகினே இருக்கும், திடீர்னு மேலயே நின்னுடுது. செவப்பு லைட்டு எரியுது. ரீசெட் பண்ணா ஓடும், திரும்ப நிக்கும். பீஸு கொறையுது, சூப்பர்வைசர் என் தலையில ஏறிகினு கீறாரு."

"நின்னா நல்லதுதானே, ஒடம்புக்கு ரெஸ்டு" என்று கேலி செய்தேன். முறைத்தார்.

அப்புறம் ஒரு நாள் சாயங்காலம் சிரித்த முகமாக வந்தார். வரும்போதே போண்டா பொட்டலம் வாங்கி வந்திருந்தார்.

"மிஷின சரி பண்ட்டாங்க. இப்ப நிக்கறதே இல்ல. வெண்ண மாதிரி ஓடுது."

எனக்கு நிம்மதியாக இருந்தது. என் படம்தான் ஓடவில்லை, அவருடைய மெஷினாவது ஓடுகிறதே என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் போண்டாவை நாங்கள் சந்தோஷமாகச் சாப்பிட்டோம்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு காலை, வேறு எதுவும் தோன்றாமல் பையிலிருந்த திருட்டு டிஸ்க்கை எடுத்துப் போட்டேன். பூஜைக்கு முன்னால் ராஜா மாதிரி ஓடிய அதே டிஸ்க்கு. டிஸ்க்கே இல்லை என்றது.

இந்த டிஸ்க்கில்தான் பூட்டே கிடையாதே. பூட்டு இல்லாத வீட்டுக்குள்ளும் நுழைய முடியவில்லை என்றால் கோளாறு சாவியில் இல்லை. இவ்வளவு நாளும் தலையைக் கொண்டுபோய்த் தப்பான சுவரில் முட்டிக்கொண்டிருந்தேன் என்று என்மேலேயே எரிச்சல் வந்தது.

டிரைவின் பட்டனை அழுத்தினேன். எங்களுடையது கம்ப்யூட்டருக்கு வெளியே ஒயரில் மாட்டும் மெல்லிசான டிரைவ். அதில் தட்டு வெளியே வந்தால் டிஸ்க்கைப் படிக்கும் சின்ன லென்ஸும் தட்டோடு சேர்ந்தே வெளியே வரும். மிளகு அளவுதான் இருக்கும். செல்போன் டார்ச்சை அடித்துக் குனிந்து பார்த்தேன். லென்ஸின் நட்டநடுவில், அளவெடுத்து வைத்ததுபோல் காய்ந்த சந்தனப் பொட்டு. அதன் மேல் ஊசிமுனை அளவுக்குக் குங்குமம்.

சிரிப்புத்தான் வந்தது. நைனா, நீயா என்று வாய்விட்டுச் சொன்னேன். முதலுதவிப் பெட்டியிலிருந்து ஸ்பிரிட்டும் பஞ்சும் எடுத்துவந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு துடைத்தேன். பஞ்சில் மஞ்சளும் சிவப்பும் ஒட்டிக்கொண்டு வந்தன. கம்பெனிப் படத்தைப் போட்டேன். ஒரு முனகல், ஒரு நிமிட இருட்டு, பிறகு வெள்ளைக் கையுறை போட்ட கை திரை முழுக்க வந்து நின்றது. நான் போட்டிருந்த பூட்டுத் திறக்கும் புரோகிராம் முதல் நாளிலிருந்தே சரியாகத்தான் இருந்திருக்கிறது. கை தட்டிக் கத்திவிட்டேன்.

சத்தம் கேட்டு யாரோ கதவைத் திறந்தார்கள். நைனாதான். வராந்தாவில் டியூப் லைட் மாற்றிக்கொண்டிருந்திருக்கிறார்.

"இன்னாம்மா, படம் ஓடுதா?"

"உங்க புண்ணியத்துல இத்தினி நாள் ஓடல. இது கண்ணுல சந்தனம் வெச்சது நீங்கதானே?"

அவர் முகத்தில் வெட்கத்தோடு ஒரு சந்தோஷம். பெருமையாகவே சொன்னார். "ஆமாம்மா. மேல எங்க பாத்தாலும் எழுத்து கீது. எழுத்து மேல வெக்கக் கூடாது, சரஸ்வதி. தட்டு தொறந்தே கெடந்துச்சு. பாத்தேன், சின்னதா கண்ணு கீது. அதுக்குத் தீக்குச்சி முனையால ஒரே ஒரு சொட்டு. நீ பாத்திருக்கணும், அவ்ளோ அழகு."

திட்ட வாயெடுத்தேன். அவ்வளவு பக்தியாகச் சொல்கிறவரைத் திட்ட மனம் வரவில்லை. திரும்பித் திரையைப் பார்த்தேன். படம் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. மெஷினின் வாய்க்கு இரண்டு பக்கமும் இரண்டு மஞ்சள் தூண்கள். ஒவ்வொன்றிலும் மேலிருந்து கீழாக ஒரு கண்ணாடிப் பட்டை. ஒரு தூணிலிருந்து அடுத்த தூணுக்குக் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் போய்க்கொண்டே இருக்கும். வெள்ளைக் கை அந்த வெளிச்சத்துக்கு நடுவில் நீண்டது. மேலேயிருந்து வந்துகொண்டிருந்த இரும்பு அந்தரத்தில் நின்றது. சிவப்பு லைட் எரிந்தது. கைக்கு ஒன்றும் ஆகவில்லை.

செவப்பு லைட்டு எரியுது, மேலயே நின்னுடுது.

"நைனா" என்றேன். "பிரஸ்ஸுல அந்த மஞ்சத் தூணுக்கு எங்க பொட்டு வெச்சீங்க?"

"அதுவும் கண்ணுதானேம்மா. தூணு பூரா எச்சரிக்கைன்னு எழுத்து. கண்ணாடில வெச்சேன்."

"மிஷினு நின்னு நின்னு போச்சே, அத எப்டி சரி பண்ணீங்க?"

"டிஸ்பாட்ச்சுனு கத்தினாங்க. சென்சாரு வீணாப் போச்சு போலன்னு பேனல்ல சாவியத் திருப்பி உட்டேன். இப்ப நல்லா…"

திரையில் அந்தச் சாவியேதான் வந்தது. ஒரு விரல் அதைத் திருப்பியது. இந்தியில் பேசும் குரலுக்குக் கீழே ஓடிய ஆங்கில வரி, வெளிச்சக் காவலை நிறுத்திவைக்கும் இந்தச் சாவி பொறுப்பான ஒருவரிடம் மட்டுமே இருக்க வேண்டும் என்றது. வெள்ளைக் கை மறுபடியும் உள்ளே நீண்டது. இந்தத் தடவை இரும்பு நிற்கவில்லை.

செருப்பைக்கூடப் போடாமல் ஓடினேன். நடுவில் இருந்த திறந்தவெளியில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. நான் பயந்து ஒதுங்கியே இருந்த அந்தப் பிரஸ் ஷாப்புக்குள் எண்ணெய் வழுக்கும் தரையில் நடக்கவும் முடியாமல் ஓடவும் முடியாமல் போனேன். தூரத்தில் அவர் முதுகு தெரிந்தது. கை உள்ளே போனது, வெளியே வந்தது. கால் மிதித்தது. இரும்பு இறங்கியது. கூப்பிட வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். கூப்பிட்டால் திரும்புவார். கை உள்ளே இருக்கும்போது திரும்பிவிட்டால்? கால் தன் பாட்டுக்கு மிதித்துவிட்டால்? என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான நேரத்தை நான் பார்த்ததில்லை. அவர் பக்கத்தில் போய், அவர் கையைப் பார்க்காமல் பேனலை மட்டும் பார்த்து, சிவப்புப் பட்டனை உள்ளங்கையால் அடித்தேன்.

மெஷின் நின்றது. அவர் திரும்பிப் பார்த்தார். இரண்டு கைகளும் வெளியே இருந்தன. ஒன்றில் தகடு இருந்தது.

"பைத்தியமாமே உனுக்கு? டார்கெட்டு…"

ஓரத்தில் சாத்தியிருந்த துடைப்பத்தை எடுத்தேன். பின்னாலேயே மூச்சு வாங்க ஓடிவந்த நைனாவுக்குப் புரிந்துவிட்டது. அவரே சிவப்புப் பட்டனை விடுவித்துவிட்டு, துடைப்பத்தை வாங்கிக்கொண்டு அதன் கட்டையை இரண்டு தூண்களுக்கும் நடுவே நீட்டினார். என் வீட்டுக்காரரைப் பெடலை மிதிக்கச் சொன்னார். மிதித்தார். இரும்பு யாரையும் கேட்காமல் இறங்கியது. கட்டையின் முனை தெறித்து எங்கேயோ போய் விழுந்தது. கையில் மிச்சமிருந்த பாதியைப் பிடித்துக்கொண்டு நைனா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"கண்ணு நல்லா தெரியட்டும்னுதாம்மா வெச்சேன்" என்றார். அழுதார். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. வந்திருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும்.

பேனலில் அந்தச் சாவி அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. பழையபடி திருப்பினேன். உடனே சிவப்பு லைட் எரிந்தது. கண்ணாடிப் பட்டையில், கீழ்ப்பக்கம் கையின் உயரத்துக்கு ஒரு பொட்டு காய்ந்து பாதி உதிர்ந்திருந்தது. முந்தானையை நனைத்துத் துடைத்தேன். சிவப்பு போய்ப் பச்சை வந்தது. இப்போது துடைப்பக் கட்டையின் மிச்சத்தை நீட்டிப் பார்த்தோம், இரும்பு அந்தரத்திலேயே நின்றது. அவ்வளவுதான் விஷயம். ஒரு துளி சந்தனம், ஒரு முழம் ஈரத்துணி.

என் வீட்டுக்காரர் தன் கைகளைப் பார்த்தார். பிறகு குழாயடிக்குப் போய்க் கழுவ ஆரம்பித்தார். எண்ணெயெல்லாம் போன பிறகும் கழுவிக்கொண்டே இருந்தார்.

"அப்போ இத்தினி நாளா…" என்றார்.

நான் அந்தச் சாவியைப் பேனலிலிருந்து உருவி எடுத்தேன். வைக்க இடம் தெரியவில்லை. எல்லாப் பெண்களையும் போல என் தாலிக் கயிற்றிலும் ஊக்குகள் தொங்கும். அதில் ஒன்றில் சாவியைக் கோத்துப் பூட்டினேன். விஷயம் தெரிந்து வந்த மேனேஜர், "இது புரொடக்‌ஷன் சமாச்சாரம். நீ டிரெய்னிங்கப் பாரும்மா" என்றார். பொறுப்பான ஒருவரிடம் மட்டும்தான் சாவி இருக்க வேண்டும் என்று படத்தில் சொல்கிறார்கள் சார், வேண்டும் என்கிறவர் என் ரூமுக்கு வந்து, முழுப் படத்தையும் பார்த்துவிட்டு வாங்கிக்கொள்ளட்டும் என்றேன். அவர் திரும்பிப் போய்விட்டார். மிச்ச மெஷின்களின் கண்ணாடிகளையெல்லாம் நைனா அன்று மாலைக்குள் தானே துடைத்து முடித்தார். எத்தனை கண்களில் வைத்திருந்தார் என்று நான் கேட்கவில்லை.

தீபாவளி போய், பொங்கலும் போய்விட்டது. லினக்ஸ் எனக்கு இப்போது நன்றாகப் பழகிவிட்டது. ஒரிஜினல் டிஸ்க்கு, திருட்டு டிஸ்க்கு எதைப் போட்டாலும் ஓடுகிறது. வாரா வாரம் டிரைவைத் திறந்து டார்ச் அடித்துப் பார்க்கிறேன். படம் பார்க்காமல் ஒருவனையும் உள்ளே விடுவதில்லை. பஸ்ஸில் செக்யூரிட்டிக்குப் பக்கத்து இடம் காலியாக இருந்தாலும், நான் இழுக்காமலே என் வீட்டுக்காரர் பின்னால் வந்துவிடுகிறார். சாவி கழுத்தில் உறுத்தும். குளிக்கும்போதும் கழற்றமாட்டேன். யாராவது வந்து கேட்பார்கள், நல்லா நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்று பதில்களைக்கூடத் தயார் செய்து வைத்திருந்தேன். இதுவரைக்கும் யாரும் கேட்கவில்லை. சாவி தேவைப்படவில்லை என்று நான் அதற்கு அர்த்தம் செய்துகொண்டேன்.

இன்று காலை நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டே அவர் சொன்னார்.

"நேத்து திரும்பவும் நின்னு நின்னு போச்சுமே. தொடச்சிப் பாத்தேன், ஒண்ணும் ஆவல. நைனா வேற லீவுல கீறாரு. அப்பறம் மத்தியானத்துக்கு மேல புது எலக்ட்ரீஷியன் வந்து பேனலத் தொறந்து ரெண்டு ஒயர முறுக்கி உட்டு சரி பண்ட்டாப்ல. இப்ப நிக்கறதே இல்ல."

என் கை தானாகக் கழுத்துக்குப் போனது. சாவி அங்கேயேதான் இருந்தது.

வாசலில் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் குரல் கொடுத்தார்கள். அவர் எழுந்து நின்று சட்டைப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டிருந்தார், இரண்டு கைகளாலும்.